கம்ப்யூட்டர் சர்வீஸ் கற்றுக்கொள்ள வரும் தம்பி தங்கைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை முடிந்த மறுவாரமே கடைக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். ரிப்பேருக்கு அல்ல. "அண்ணே, லீவுல வேலை கத்துக்கலாம்னு..." என்று பாதியில் நிறுத்திவிட்டு நிற்கும் பையன்கள். சில சமயம் பின்னால் அப்பாவும் நிற்பார். திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நானும் 2003-இல் பத்தாவது முடித்த லீவில் இப்படித்தான் ஒரு கடை வாசலில் நின்றேன். வருஷா வருஷம் வருகிற முகங்கள்தான் மாறுகின்றன, கேள்விகள் அதேதான். அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிட்டேன்.

எனக்கு 15 வயது. இப்போதே சேரலாமா?

கற்றுக்கொள்ள வயது கிடையாது. சம்பளத்துக்குச் சேர உண்டு. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிரம்பாதவர்களை எந்தக் கடையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் ஓய்வு நேரத்தையும் சேர்த்து நாளைக்கு 6 மணி நேரம்தான், வாரம் ஒரு நாள் லீவு, இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணிவரை வேலையே கூடாது. எங்கள் தொழிலில் ஆபீஸ் விட்டு ஆட்கள் லேப்டாப் பையோடு வருவதே ஏழு மணிக்கு மேல்தான். "ஒன்பது மணிவரை இருடா" என்று சொல்லும் கடை உனக்கு வேண்டாம்.

எதை வைத்துப் பழகுவது? வீட்டில் ஒரு லேப்டாப்தான் இருக்கிறது.

அதைத் தொடாதே. அக்கா ஆன்லைன் பரீட்சை எழுதுவதும் அதில்தான், அப்பா கரண்ட் பில் கட்டுவதும் அதில்தான்.

பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் தேடு. டிடிஆர்2, டிடிஆர்3 ரேம் போட்ட சிஸ்டங்கள் பழைய இரும்புக் கடையிலும் ஆபீஸ் மூலைகளிலும் தூங்குகின்றன. ஓடவில்லை என்றாலும் பரவாயில்லை, இன்னும் நல்லது. லேப்டாப்பில் கை வைக்க ஆசையாக இருந்தால், 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, அந்தக் காலத்துப் பெட்டி ஒன்று சித்தப்பா வீட்டுப் பரணில் கிடக்கும். கேட்டு வாங்கிக்கொள். ஆனால் டெஸ்க்டாப்பைப் பத்து முறை பிரித்து மாட்டிய பிறகு.

லேப்டாப்பைப் பிரிக்கும்போது ஒரு ஏ4 தாளில் அதன் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அது இருந்த இடத்திலேயே தாளில் குத்தி வை. பார்க்க எல்லா ஸ்க்ரூவும் ஒன்று போலத்தான் இருக்கும், நீளத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய ஓட்டையில் நெட்டை ஸ்க்ரூவை முறுக்கினால் கை வைக்கும் மேல்பக்கத்தில் ஒரு பரு கிளம்பும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் முனை உள்ளே இருக்கும் மதர்போர்டில் இறங்கும்.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் செட், டிஜிட்டல் மல்டிமீட்டர், பழைய பெயின்ட் பிரஷ், பென்சில் ரப்பர், ட்வீசர், 16 ஜிபி பென்டிரைவ் இரண்டு. போதும். ஒரு பென்டிரைவில் விண்டோஸ், இன்னொன்றில் வென்டாய் (ஒரே பென்டிரைவிலிருந்து பலவற்றை பூட் செய்ய விடும் இலவச சாஃப்ட்வேர்) போட்டு லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஓஎஸ்), மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிப்பது) எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ கோப்பாகவே வைத்துக்கொள்ளலாம். சால்டரிங் அயர்ன், ஹாட் ஏர் (சூடான காற்றால் சிப்பைக் கழற்றும் கருவி) எல்லாம் இப்போது வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரில் மட்டும் காசு பார்க்காதே. மட்டமான முனை ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்துவிடும். தேய்ந்த ஒரு ஸ்க்ரூ உன் அரை நாளைத் தின்னும்.

'ஆன் ஆகல' என்று ஒரு சிஸ்டம் வருகிறது. எங்கே ஆரம்பிப்பது?

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கேள். எப்போதிலிருந்து இப்படி? கடைசியாக ஓடியபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இடி இடித்ததா? மேசையை நகர்த்தினீர்களா? வேறு யாராவது திறந்தார்களா? கடைசிக் கேள்விக்கு முதல் தடவையில் உண்மை வராது. ஸ்க்ரூ ஒன்று குறைந்திருந்தால் நீயே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு ஜெராக்ஸ் கடை அக்கா 'டெட்' என்று சொல்லி சிபியுவை ஆட்டோவில் கொண்டுவந்தார். (கேபினெட்டைத்தான் ஊரில் சிபியு என்பார்கள். உள்ளே இருக்கும் பிராசசரின் பெயர் அது. கஸ்டமரிடம் திருத்தப் போகாதே.) என் மேசையில் மாட்டினேன், ஓடியது. கொடுத்தனுப்பினேன். மறுநாள் மறுபடி ஆட்டோ. மறுபடி ஓடியது. மூன்றாம் தடவை நானே கடைக்குப் போனேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக் லூசு. ஜெராக்ஸ் மெஷின் ஓடும் அதிர்வில் அது நழுவிக்கொண்டே இருந்தது. "வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தீர்களா அக்கா?" என்று முதல் நாளே கேட்டிருந்தால் ஆட்டோ வாடகை மிச்சம்.

கேட்ட பிறகு, காசு செலவில்லாததிலிருந்து காசு செலவாகும் பக்கம் போ. சுவர் பிளக், பவர் கேபிள், பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில் (வீட்டுக் கரண்டை போர்டுக்கு வேண்டிய வோல்ட்டாக மாற்றும் டப்பா) இருக்கும் சின்ன சுவிட்ச். பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது அணைந்திருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அடுத்து மீட்டர். கேபினெட்டின் பவர் பட்டனைத் தொடாமலே, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் ஊதா ஒயரில் 5 வோல்ட் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டுக்குப் போகும் கனெக்டர்களைக் கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் வளைத்த ஜெம் கிளிப்பால் சேர்த்து, மறுபடி கரண்ட் கொடுத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடும். ஃபேன் சுற்றுகிறதே, நல்லாத்தான் இருக்கு என்று முடிவு கட்டாதே. மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வருகிறதா என்று பார். 5 சதவீதம் கூடலாம், குறையலாம். மஞ்சள் 11.4-க்குக் கீழே இறங்கினால் வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார். புதிய மாடல்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே வரும். அப்போது நிறத்தை நம்ப முடியாது, பின் வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபேன் ஓடுகிறது, டிஸ்ப்ளே இல்லை என்றால் ரேமிலிருந்து தொடங்கு. கரண்டை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைப் பிரஷால் தட்டிவிடு. வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். ஒரே ஒரு ரேம், ஒரே ஸ்லாட், ஹார்ட் டிஸ்க் இல்லை, கூடுதல் கார்டு இல்லை என்று போர்டைப் பட்டினி போட்டு ஆன் செய். பீப் வந்தால் எத்தனை, நீளமா குட்டையா என்று எழுதிக்கொள். டிஸ்ப்ளே வந்துவிட்டதா, கழற்றியதை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வா. எதை மாட்டும்போது படுக்கிறதோ அதுதான் ஆள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று உனக்கே தெரியாமல் போய்விடும்.

தேதியும் நேரமும் தினமும் பின்னால் போகிறது என்ற புகாருக்கு சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றினால் போதும்.

ஷாக் அடிக்குமா?

போர்டில் 12 வோல்ட்தான், அடிக்காது. எஸ்எம்பிஎஸ் டப்பாவுக்குள் கதை வேறு. 230 வோல்ட் ஏசி உள்ளே போய் 325 வோல்ட் அளவுக்கு டிசி ஆகிப் பெரிய கெப்பாசிட்டரில் உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். 18 வயதுவரை அந்த டப்பாவின் நான்கு ஸ்க்ரூவையும் மறந்துவிடு. பழைய டப்பா மானிட்டரின் பிக்சர் ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு, அதையும் திறக்காதே. லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதே, நெம்பாதே, சார்ஜில் போடாதே. உள்ளே இருக்கும் லித்தியம் செல் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கி நில். அதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம், "சிபியுவைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்குது" என்று வாரத்துக்கு ஒருவராவது வருவார். எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் கேபினெட்டோடு இணைந்த இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றில் கசியும் கொஞ்சம் கரண்ட் எர்த் வழியாக இறங்கிவிட வேண்டும். சுவர் பிளக்கில் மூன்றாவது ஓட்டைக்கு எர்த் ஒயரே இழுக்காமல் விட்ட வீடுகளில் அது கேபினெட்டிலேயே நிற்கும். பெரும்பாலும் கோளாறு வீட்டு வயரிங்கில்தான். எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல். இதைச் சொன்னதற்குக் காசு வாங்கினதில்லை, ஆனால் அந்தக் கஸ்டமர் வேறு கடைக்குப் போனதும் இல்லை.

கஸ்டமர் டேட்டா போய்விட்டால் என்ன ஆகும்?

நடந்ததைச் சொல்கிறேன். கடையில் சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். ஒரு அரிசி மண்டி சிஸ்டம் வைரஸோடு வந்தது. ஃபார்மட் அடிக்கும் வேலை எனக்கு. மை டாக்குமென்ட்ஸை எடுத்துவைத்தேன், டெஸ்க்டாப்பில் இருந்ததையும் எடுத்துவைத்தேன். பெருமையாக சி டிரைவை ஃபார்மட் செய்தேன். மண்டிக் கணக்கு முழுக்க டாலியில். டாலி தன் டேட்டாவை மை டாக்குமென்ட்ஸில் வைப்பதில்லை, சி டிரைவில் தனக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தது. ஏப்ரலிலிருந்து போட்ட கணக்கு போச்சு. முதலாளி என்னை அடிக்கவில்லை, சம்பளம் பிடிக்கவும் இல்லை. மண்டிக்கு அனுப்பிவைத்தார். பதினோரு நாள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாக நான் வாசிக்க, கணக்குப்பிள்ளை திரும்ப ஏற்றினார்.

அன்றிலிருந்து எந்தப் பெட்டியைத் தொடுவதற்கும் முன்னால் மூன்று கேள்வி. உள்ளே இருப்பது வேண்டுமா? என்னென்ன சாஃப்ட்வேரில் வேலை செய்கிறீர்கள்? வேறு எங்காவது நகல் இருக்கிறதா? பதிலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கு. "எதுவும் வேண்டாம் தம்பி" என்று சொன்னவர்தான் மறுநாள் பேத்தி போட்டோவைத் தேடி வருவார். அதனால் ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தால் அவர் கேட்காமலே ஒரு நகல் எடுத்துப் பத்து நாள் வைத்திருந்து, பிறகு அழிப்பேன். இதையும் இப்போது சீட்டிலேயே அச்சடித்துவிட்டேன்.

இப்போது புதிதாக ஒரு கண்ணி வந்திருக்கிறது. பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு வருகிறது. பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் சாஃப்ட்வேர்) அப்டேட் செய்தாலோ போர்டு மாற்றினாலோ 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் சொந்தக்காரரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அவருக்கு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்காது. கீயைக் கண்ணால் பார்க்காமல் போர்டில் கை வைக்காதே. கீ இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துக் கொடுக்க முடியாது.

ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்து. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது டேட்டா இருக்கும் உள் தட்டைச் சுரண்டுவதற்குச் சமம்.

போட்டோ, வாட்ஸ்அப், எதையும் திறந்து பார்க்காதே. நகல் எடுத்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஃபோல்டரின் அளவையும் கோப்பு எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் போதும். கெட்ட எண்ணத்தோடு அடுத்தவர் டேட்டாவை அனுமதியில்லாமல் நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. சட்டம் கிடக்கட்டும், ஒரு தடவை பேர் கெட்டால் சின்ன ஊரில் கடை நடத்த முடியாது.

வீடு வீடாகப் போய் விண்டோஸ் போட்டுக் கொடுத்தால் காசு பார்க்கலாமா?

விண்டோஸ் போடுவது வேலைதான். கிராக் போடுவது வேலை இல்லை. ஆக்டிவேட் செய்கிறேன் என்று வரும் கோப்பை ஓட்ட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் பார், அங்கேயே புரிந்துகொள். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. பல லேப்டாப்களுக்கு இது தேவையே இல்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த விண்டோஸின் கீ பயாஸிலேயே இருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிய அதே பதிப்பைப் போட்டு நெட்டை இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள நல்ல பெட்டிகள் ஏராளம். பிரவுசரும் யூடியூபும் மட்டும் பார்ப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துப் பார். டாலி ஓட்டுபவருக்குக் கொடுத்துவிடாதே, மறுநாளே சண்டைக்கு வருவார்.

எந்த வேலையில் முதலில் கை தேறும்?

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுவது. ஐந்து நிமிஷம் பூட் ஆன பெட்டி அரை நிமிஷத்தில் வந்து நிற்பதைப் பார்த்து கஸ்டமர் உன்னை மந்திரவாதி என்று நினைப்பார், நினைக்கட்டும். ரேம் கூட்டுவது, பேட்டரி, கீபோர்டு மாற்றுவது, தூசி எடுத்து பிராசசருக்குச் சூடு கடத்தும் பேஸ்ட் போடுவது எல்லாம் அடுத்தடுத்து. லேப்டாப்பில் ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள். காற்றில் அது பேய் வேகத்தில் சுற்றினால் பேரிங் போகும், அதுவே ஜெனரேட்டராகி போர்டுக்குக் கரண்டையும் திருப்பி அனுப்பும்.

30 நாளில் சிப் லெவல் (போர்டில் உள்ள சிப்பையே மாற்றிச் சரிசெய்யும் வேலை) கற்றுத் தருகிறேன் என்கிறார்கள். சேரலாமா?

இப்போது வேண்டாம். ரேம் போச்சா, போர்டு போச்சா என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவன் கையில் ஹாட் ஏர் கொடுத்தால் நல்ல போர்டும் கருகும்.

அப்போ எங்கே படிப்பது?

பத்தாவது முடித்தவர்களுக்கு ஐடிஐ நல்ல வழி. கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க் மெயின்டனன்ஸ் ஓராண்டு, ஐசிடிஎஸ்எம் (இன்ஃபர்மேஷன் கம்யூனிகேஷன் டெக்னாலஜி சிஸ்டம் மெயின்டனன்ஸ்) என்பது இரண்டாண்டு. எந்த ஐடிஐயில் எது இருக்கிறது என்று விசாரித்துச் சேர். 'கோபா' என்று ஒரு டிரேடு இருக்கிறது, பேரைப் பார்த்து ஏமாறாதே. அது கம்ப்யூட்டரை இயக்கவும் புரோகிராம் எழுதவும் கற்றுத் தருவது, ரிப்பேர் அல்ல. தமிழக அரசு ஐடிஐகளில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. காம்டியா ஏ பிளஸ் என்ற சர்வதேசச் சான்றிதழ் இருக்கிறது, இரண்டு தேர்வு, கட்டணம் அதிகம். பெரிய கம்பெனிக்குப் போகும் எண்ணம் இருந்தால் பிறகு எழுதலாம். அதன் பாடத்திட்டத்தை மட்டும் இலவசமாக இறக்கிப் படித்துவிடு.

இங்கிலீஷ் பேச வராதே என்று பயப்படாதே. திரையில் வரும் எர்ரர் செய்தியை எழுத்து விடாமல் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

கடையில் என்ன சம்பளம் கேட்பது? முதல் மூன்று மாதம் டீ வாங்கத்தான் அனுப்புவார்களா?

அனுப்புவார்கள். தூசி எடுக்க, ஸ்பேர் வாங்கி வர, மானிட்டர் தூக்க. அது தப்பில்லை, கண் மேசை மேல் இருக்க வேண்டும். சம்பளம் கடைக்குக் கடை மாறும். அதைவிட முக்கியமாக, தினமும் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார விடுவீர்களா என்று கேள். கஸ்டமரின் 8 ஜிபி ரேமைக் கழற்றிவிட்டு 4 ஜிபி போட்டு அனுப்பும் கடை என்று தெரிந்தால் அன்றைக்கே கிளம்பிவிடு. அங்கே கற்கிற கை வேறு எங்கும் உதவாது.

நானே தனியாகச் செய்தால் எவ்வளவு வாங்குவது?

திறக்கும் முன் தொகையைச் சொல். பார்த்தபின் கூடுகிறதா, செய்யும் முன் போன் போடு. கழற்றிய பழைய பார்ட்டை கவரில் போட்டுத் திருப்பிக் கொடு. சொந்தக்காரர் வீட்டில் டீயும் முறுக்கும்தான் கிடைக்கும், முதல் இருபது பெட்டிக்கு அது நல்ல விலை. 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. ஆகவே ஸ்கூல், ஆபீஸ் மாதிரி வருஷ கான்ட்ராக்ட் எதிலும் உன் பெயரில் கையெழுத்துப் போடாதே. பில் அப்பா, அம்மா பெயரில் இருக்கட்டும்.

ஸ்பேர் எங்கே வாங்குவது?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்காதது குறைவு. எங்கள் ஊர்க் கடைகளுக்கும் பாதி சாமான் அங்கிருந்துதான் வருகிறது. லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதே. ஒரே மாடலில் 30 பின் டிஸ்ப்ளேயும் இருக்கும், 40 பின்னும் இருக்கும். பழைய பானலைக் கழற்றி அதன் பின்னால் ஒட்டியிருக்கும் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போ. பேட்டரிக்கும் அப்படியே. 2 டிபி பென்டிரைவ் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது 2 டிபி இல்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச சாஃப்ட்வேரில் முழுசாக எழுதிப் படித்துப் பார், உண்மை அளவு தெரிந்துவிடும்.

நான் பெண். கடையில் சேர்த்துக்கொள்வார்களா?

எங்கள் கடையில் லேப்டாப் பெஞ்ச் ஒரு தங்கையிடம்தான் இருக்கிறது. கீபோர்டு ரிப்பன் லாக்கை அவள் உடைத்து நான் பார்த்ததில்லை. நான் நான்கு உடைத்திருக்கிறேன். சேர்க்க யோசிக்கும் கடைகளும் உண்டு, பொய் சொல்லவில்லை. அம்மாவையோ அப்பாவையோ அழைத்துக்கொண்டு போய் கடையை, நேரத்தை, உடன் வேலை செய்பவர்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்.

ரேமையே போர்டில் ஒட்டி விற்கிறார்கள். இந்தத் தொழில் இன்னும் எத்தனை நாள்?

மெல்லிய லேப்டாப்களில் வேலை குறைந்திருப்பது உண்மை. ஆனால் என் கடையில் இப்போது பாதி வரவு பிரிண்டர், பில்லிங் மெஷின், சிசிடிவி, ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்துதான். ஒரு மருந்துக் கடையில் பில் பிரிண்டர் நின்றால் அரை மணி நேரத்தில் ஆள் வேண்டும், அதற்கு யாரும் சென்னைக்கு அனுப்பமாட்டார்கள். கேபிள் அடிக்க, ரவுட்டர் செட் செய்யக் கற்றுக்கொள்.

உங்கள் கடைக்கு வந்து பார்க்கலாமா?

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் வா, கூட்டம் இருக்காது. வீட்டில் சொல்லிவிட்டு வா. டெட் போர்டு ஒரு சாக்கு நிறையக் கிடக்கிறது, இரண்டு எடுத்துக்கொண்டு போகலாம். ஞாயிறு கடை கிடையாது.